விறகுக்குப் பூஜ்யம் போட்டது யார்? 'பசுமை' ஐபிஓவுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய கணக்கு



தீமேட்டிக் ஃபண்ட் பற்றின வீடியோவுக்குக் கீழே ஒரே மாதிரி கேள்வி நிறைய வந்திருக்கு. "பயோமாஸ் பெல்லட் தயாரிக்கிற கம்பெனி எஸ்எம்இ ஐபிஓ வருதாம், போடலாமா?" "ஐரோப்பாவில் சட்டமே போட்டுட்டாங்க, நம்ம ஊர் அனல் மின் நிலையத்துக்கும் கட்டாயம் ஆக்கிட்டாங்க, அப்போ டிமாண்ட் உறுதிதானே?" ஒரு தம்பி இன்னும் ஒரு படி மேலே போய், "லாபமும் வரும், பூமிக்கும் நல்லது, ஒரே கல்லுல ரெண்டு மாங்கா"ன்னு எழுதியிருந்தார்.

இந்தப் பங்கை வாங்கு, அதை வில்லுன்னு நான் சொல்றதில்லை. அது செபியில் பதிவு செஞ்ச ஆலோசகர்களோட வேலை. நான் கணக்குப் பார்க்கிற ஆள். அந்தக் கோணத்தில் என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். சட்டம் டிமாண்டை உருவாக்கலாம், லாபத்தை உருவாக்க முடியாது. அதுவும் போக, இந்தத் துறைக்கு ஐரோப்பா கொடுத்திருக்கிற 'பசுமை' பட்டம் நிக்கிறதே ஒரு கணக்குப் பதிவு மேலதான். அந்தப் பதிவு என்னன்னு தெரியாம உங்க போனஸ் பணத்தை இதில் போடாதீங்க.

பயோமாஸ்னா பெரிய விஷயம் ஒண்ணும் இல்லை. விறகு, கரும்புச் சக்கை, கடலைத் தோல், தேங்காய் மட்டை, உமி. இதை எரிச்சு, தண்ணியைக் கொதிக்க வச்சு, அந்த நீராவியில் டர்பைன் சுத்தினா கரண்ட். பொடியாக்கி, அழுத்தி, சுண்டு விரலை விட மெல்லிசான குச்சியா வெட்டினா அதுக்குப் பேர் பெல்லட். கப்பலில் ஏத்தி அனுப்ப வசதி.

சரி, விறகு எரிச்சா புகை வராதா? வரும். ஒரு யூனிட் கரண்டுக்குப் புகைக்கூண்டு வழியா வெளியே போற கார்பன் டை ஆக்சைடு நிலக்கரிக்குச் சமமா இருக்கும், பல நேரம் கொஞ்சம் கூடவே இருக்கும். ஆனா ஐரோப்பிய ஒன்றியத்தோட கார்பன் வர்த்தகத் திட்டத்தில், விதிகளுக்கு உட்பட்ட விறகுக்கு எண்ணிக்கை பூஜ்யம். நிலக்கரி எரிக்கிறவர் ஒவ்வொரு டன் புகைக்கும் ஒரு பர்மிட் ஒப்படைக்கணும். விறகு எரிக்கிறவர் ஒண்ணும் ஒப்படைக்க வேண்டாம்.

இந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது? செட்டிநாட்டுக்காரங்களுக்கு இது சுலபமாப் புரியும். அந்தக் காலத்தில் காரைக்குடி, தேவகோட்டை நகரத்தார் ரங்கூனில் கடை வச்சிருந்தாங்க. அங்கே ஒரு மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன். கடையோட பற்று வரவெல்லாம் ரங்கூன் பேரேட்டில் ஏறும், அங்கிருந்து ஐந்தொகை ஊருக்கு வரும். ரங்கூனில் ஒரு கடன் வராக்கடனாப் போச்சுன்னா நஷ்டத்தை ரங்கூன் கடைதான் எழுதணும். ஊரில் இருக்கிற பேரேட்டிலும் அதையே எழுதினா ஒரே நஷ்டம் ரெண்டு தடவை வந்துடும். இன்னைக்கும் கிளைக் கணக்குன்னு சிஏ மாணவர்கள் படிக்கிறது இதைத்தான்.

ஐ.நா.வின் பருவநிலைக் கணக்கும் அப்படியே. ஒரு மரத்தை வெட்டினா, அதில் இருந்த கார்பன் போச்சுன்னு மரம் வெட்டின நாடு தன் நில, காட்டுக் கணக்கில் எழுதும். அதை வாங்கி எரிக்கிற நாடு திரும்ப எழுத வேண்டாம், தகவலுக்காக ஓரமாக் காட்டினாப் போதும். நம்ம பாஷையில் மெமோ ஐட்டம். இந்த விதியில் தப்பே இல்லை. இரட்டைப் பதிவைத் தவிர்க்கப் போட்ட நியாயமான பூஜ்யம்.

சிக்கல் எங்கேன்னா, ரங்கூன் கடை கணக்கு அனுப்பாத வரைக்கும் ஊரில் இருக்கிற ஐந்தொகை பிரமாதமா இருக்கும். ஐரோப்பா இறக்குமதி செஞ்சு எரிச்ச பெல்லட்டில் பெரும் பங்கு அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலக் காடுகளில் இருந்து போனது. அமெரிக்கா கியோட்டோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதே தவிர, அதை ஏத்துக்கிட்டுச் சட்டமாக்கல. அதாவது மரம் வெட்டின பக்கம் நஷ்டத்தை எழுதியே ஆகணும்னு யாரும் கட்டாயப்படுத்தல. எரிச்ச பக்கம் பூஜ்யம். நடுவில் புகை மட்டும் நிஜம்.

2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நெறிமுறையைக் கொண்டு வந்தது. 2020-க்குள் மொத்த ஆற்றலில் 20 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதா இருக்கணும், விறகும் அதில் சேர்த்தி. அதே வருஷம் அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் டிமோதி செர்ச்சிங்கரும் இன்னும் சில விஞ்ஞானிகளும் ஒரு கட்டுரை எழுதினாங்க. தலைப்பிலேயே இதைப் 'பருவநிலைக் கணக்குப் பிழை'ன்னு சொல்லியிருந்தாங்க. விஞ்ஞானிகள் ஆடிட்டர் வேலை பார்த்த அபூர்வமான சந்தர்ப்பம் அது. ஆடிட்டர் சொன்னா நிர்வாகம் உடனே கேட்குமா என்ன? 2021 பிப்ரவரியில் 500-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் அமெரிக்க அதிபருக்கும் ஐரோப்பிய ஆணையத் தலைவருக்கும் திரும்ப ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. மரம் திரும்ப வளரும், வளரும்போது அந்தக் கார்பனைத் திரும்ப எடுத்துக்கும். மர அறுவைத் தூள், கரும்புச் சக்கை மாதிரி கழிவா இருந்தா, எரிக்கலைன்னாலும் மக்கிப் போய் கார்பன் வெளியேதான் வரும். அதனால கேள்வி எதை எரிக்கிறோம், திரும்ப வளர எத்தனை வருஷம் ஆகும்ங்கிறதுதான். படமாத்தூர் மாதிரி கரும்பு அரைக்கிற இடத்தில் ஆலைச் சக்கையை எரிக்கிறதையும், 50 வருஷ மரத்தை வெட்டிக் கடல் கடந்து கொண்டு போய் எரிக்கிறதையும் ஒரே பூஜ்யத்தில் அடைக்கிறது எனக்கு ஒப்பவே இல்லை. கடனை இன்னைக்கு வாங்கிட்டு, திருப்பிக் கட்ட 50 வருஷம் ஆகும்னா அதுக்கு வட்டி இல்லையா?

அந்தப் பூஜ்யம்தான் பணமா மாறியது. புதுப்பிக்கத்தக்க ஆற்றல்னு பட்டம் கிடைச்சதும் அரசு மானியம் வந்தது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் டிராக்ஸ்னு ஒரு பிரம்மாண்ட அனல் நிலையம். நிலக்கரியில் ஓடினதை 2013-ல் இருந்து படிப்படியா பெல்லட்டுக்கு மாத்தினாங்க. இங்கிலாந்து இப்போ ஒன்றியத்தில் இல்லைன்னாலும் இந்த வழக்கம் ஒன்றியத்தில் இருந்தப்போ வந்ததுதான். இன்னைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் பாதிக்கு மேல் உயிரி எரிபொருள் வகைகள். நம்ம கண்ணு முன்னாடி விளம்பரத்தில் வர்றது என்னமோ காற்றாலையும் சோலாரும்.

இப்போ விதிகள் இறுகுது. 2023 நவம்பரில் அமலுக்கு வந்த புது நெறிமுறை, 2030-க்கு 42.5 சதவீத இலக்கு வச்சிருக்கு. கூடவே, பலகைக்கு ஆகிற நல்ல தடி, அடிக்கட்டை, வேர் இதையெல்லாம் எரிக்க நேரடி நிதி உதவி கிடையாதுன்னு சொல்லுது. மரத்தை முதல்ல நீண்ட நாள் நிக்கிற பொருளாப் பயன்படுத்து, அப்புறம் மறுபயன்பாடு, கடைசியாத்தான் அடுப்புங்கிறது அதோட தத்துவம்.

இந்தத் தத்துவத்தைப் பார்க்க பிரஸ்ஸல்ஸ் போக வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வாங்க. இடிச்ச செட்டிநாட்டு வீட்டுத் தூண், நிலை, கதவு, உத்திரம் எல்லாம் அங்கே விலைக்கு இருக்கும். நூறு வருஷத்துக்கு முன்னாடி பர்மாவில் வெட்டின தேக்கு அது. அந்த மரத்தில் இருந்த கார்பன் இன்னைக்கும் தூணுக்குள்ளேயே இருக்கு. நாளைக்கு யாரோ ஒருத்தர் வீட்டிலோ ஓட்டலிலோ இன்னும் நூறு வருஷம் நிக்கும். அதை எரிச்சிருந்தா ஒரு நாள் கரண்ட். இந்தத் தெரு வியாபாரிகள் யாரும் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதறதில்லை. விறகு விலையை விடத் தூண் விலை அதிகம், அதனால எரிக்கல. அவ்வளவுதான். விலை சரியா இருந்தா விதி தேவைப்படாது. மானியம் அந்த விலையைக் கலைச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

இங்கிலாந்திலும் அதே திசைதான். டிராக்ஸுக்கு 2027-ல் முடியற மானியத்தை 2031 வரைக்கும் நீட்டிக்க 2025 பிப்ரவரியில் அரசு ஒத்துக்கிட்டது. ஆனா ஓடற அளவை ஏறக்குறைய பாதியாக் குறைச்சு, விறகு முழுக்க நிலைத்தன்மை விதிக்கு உட்பட்டதா இருக்கணும்னு நிபந்தனை. அதுக்கு முந்தின ஆகஸ்டில், கனடாவில் இருந்து வந்த விறகு பற்றின தகவலைச் சரியாகத் தரலைன்னு ஒழுங்குமுறை அமைப்பு கேட்டதில் அந்தக் கம்பெனி 2.5 கோடி பவுண்டு கட்டியது. வேணும்னே செஞ்சதா ஆதாரம் இல்லைன்னும் அதே அமைப்பு சொன்னது. நீங்க இதில் கவனிக்க வேண்டியது வேற. ஒரு கம்பெனியோட அடுத்த நாலு வருஷ வருமானம் ஒரு அமைச்சகக் கையெழுத்தில் பாதியாகும்னா, அதுக்கு நீங்க எத்தனை மடங்கு பி/இ கொடுப்பீங்க?

"சட்டம் மாறினாத்தானே பிரச்சனை, மாறலைன்னா?"ன்னு கேட்கலாம். அதுக்குத்தான் என்விவா கதை.

என்விவா, உலகத்திலேயே பெரிய மரப் பெல்லட் தயாரிப்பாளர். அமெரிக்கக் கம்பெனி, வாடிக்கையாளர்கள் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும். 2015-ல் ஒரு யூனிட் 20 டாலருக்கு நியூயார்க் சந்தைக்கு வந்தது. நீண்டகால ஒப்பந்தங்கள், அரசு ஆதரவுள்ள டிமாண்ட், மூணு மாசத்துக்கு ஒருமுறை டிவிடெண்ட். 2022-ல் பங்கு 80 டாலரைத் தாண்டி நின்னுது. அந்த வருஷம் டிவிடெண்ட் மட்டும் பங்குக்கு 3.62 டாலர். யூடியூபில் டிவிடெண்ட் பட்டியல் போடறவங்களுக்கும் இஎஸ்ஜி ஃபண்ட் மேனேஜர்களுக்கும் ஒரே சமயத்தில் பிடிச்ச பங்கு அது.

2023 மே மாசம் ஒரு நாள், டிவிடெண்ட் இனிமே கிடையாதுன்னு அறிவிச்சாங்க. ஒரே நாளில் பங்கு மூணில் ரெண்டு பங்கு விழுந்தது. நவம்பரில், தொடர்ந்து தொழில் நடத்த முடியுமான்னு சந்தேகம்னு கம்பெனியே சொன்னது. இந்த வாசகத்தை எந்த ஆண்டறிக்கையில் பார்த்தாலும் கையில் இருக்கிற காப்பியைக் கீழே வச்சிட்டுப் படிங்க. 2024 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனாங்க. அந்த வருஷக் கடைசியில் வெளியே வந்தப்போ அது பழைய மாதிரி பொதுச் சந்தைக் கம்பெனியா இல்லை, கடன் கொடுத்தவங்க கைக்குப் போயிருந்தது.

இத்தனைக்கும் ஐரோப்பியச் சட்டம் அப்போ மாறல. பூஜ்யம் பூஜ்யமாவே இருந்தது. மானியமும் இருந்தது. விழுந்தது மார்ஜின். உற்பத்திச் செலவு ஏறிச்சு, ஆலைகள் எதிர்பார்த்த அளவுக்கு ஓடல. 2022 கடைசியில் பெல்லட் விலை உச்சத்தில் இருந்தப்போ, விலை அப்படியே நிக்கும்னு நம்பி ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, விலை இறங்கிடுச்சு. ஆனா எனக்கு முக்கியமாப் படறது அதுக்கு முந்தின வருஷங்களோட பணப் பாய்ச்சல் அறிக்கை. புது ஆலை கட்டறதுக்குச் செலவு பண்ணின பிறகு கையில் மிச்சம் இல்லாத கம்பெனி, ஒரு பக்கம் புதுப் பங்கு வித்தும் கடன் வாங்கியும் பணம் திரட்டுது, மறு பக்கம் டிவிடெண்டை ஏத்திக்கிட்டே போகுது. உங்க சம்பளம் மாசம் 50,000, வீட்டுச் செலவு 55,000, ஆனா பெர்சனல் லோன் எடுத்து அப்பா அம்மாவுக்கு மாசம் 10,000 அனுப்பறீங்கன்னு வச்சுக்கோங்க. ஊரில் உங்களுக்கு நல்ல பேர்தான் இருக்கும், லோன் நிக்கிற வரைக்கும்.

(ஆப் மூலமா அமெரிக்கப் பங்கு வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு குறுக்குச் சேதி. பங்கு விலை சல்லிக்காசு ஆனாலும் ஐடிஆரில் ஷெட்யூல் எஃப்ஏவில் காட்டியே ஆகணும். "நஷ்டம்தானே, எதுக்கு"ன்னு விட்டுடாதீங்க.)

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். காரைக்குடியில் இருந்து மானாமதுரை, பரமக்குடி பக்கம் பஸ்ஸில் போனா ஜன்னலுக்கு வெளியே மைல் கணக்கில் தெரியறது சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்துச் செடி, 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. கண்மாய், வரத்துக்கால், தரிசு எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டது. வெட்டினா திரும்பத் துளிர்க்கும், வேரோட பிடுங்கினாத்தான் போகும். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவுக்கு அப்புறம் ஊர் ஊரா ஜேசிபி வச்சுப் பிடுங்கினது ஞாபகம் இருக்கும். அதே சமயம் வானம் பார்த்த பூமியில் எத்தனையோ குடும்பம் கரி மூட்டம் போட்டுப் பிழைச்சதும் இதே முள்ளை வச்சுத்தான். பருவநிலைக் கணக்கில் பார்த்தா, அமெரிக்கக் காட்டு மரத்தை விட இது எவ்வளவோ தேவலை. சில வருஷத்தில் திரும்ப வளருது, அகற்றணும்னு அரசே சொல்ற செடி, எரிக்கிற இடமும் பக்கத்திலேயே.

அந்த நம்பிக்கையில்தான் 2000-க்கு அப்புறம் தென் மாவட்டங்களில் 10 மெகாவாட் அளவில் விறகு மின் ஆலைகள் வந்தது. பல ஆலை ஓடாம நின்னுது. ஏன்? ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க. 10 மெகாவாட் ஆலை வருஷத்துக்கு 7,000 மணி நேரம் ஓடினா 7 கோடி யூனிட். ஒரு யூனிட்டுக்குக் காய்ஞ்ச விறகு 1.2 கிலோன்னு வச்சா 84,000 டன். பத்து டன் லாரியில் 8,400 லோடு. ஆலை ஓடற ஒவ்வொரு நாளும் சுமார் 29 லாரி விறகு உள்ளே வரணும், மழைக்காலத்திலும்.

முதல் ஆலை வர்றப்போ முள்ளுக்கு விலையே இல்லை. "கேட்பாரில்லாமக் கிடக்கு, எடுத்துக்கோங்க"ன்னாங்க. ரெண்டாவது ஆலை வந்ததும் வெட்டுக் கூலி, லாரி வாடகை எல்லாம் ஏறுது. செங்கல் சூளைக்காரரும் கரி வியாபாரியும் போட்டிக்கு நிக்கிறாங்க. டன்னுக்கு 500 ரூபாய் ஏறினா யூனிட்டுக்கு 60 பைசா கூடுதல் செலவு, வருஷத்துக்கு 4.2 கோடி. விக்கிற விலையை ஏத்த முடியுமா? முடியாது. அதை நிர்ணயிக்கிறது ஒழுங்குமுறை ஆணையம், பெரும்பாலும் வாங்கறது ஒரே ஒரு மின்வாரியம், பணம் வர்றதுக்கும் மாசக்கணக்கில் காத்திருக்கணும். வாங்கற விலை சந்தைக்கு, விக்கிற விலை அரசாணைக்கு. நடுவில் மாட்டினது முதல் போட்டவங்க.

அவங்களைக் காப்பாத்தும்னு நம்பின இன்னொரு வருமானம் இருந்தது. அதுவும் ஐரோப்பாவில் இருந்துதான். கியோட்டோ ஒப்பந்தப்படி, இந்தியாவில் ஒரு பயோமாஸ் ஆலை நிலக்கரியைத் தவிர்த்தா அதுக்கு சிஇஆர்னு கார்பன் சான்றிதழ் கிடைக்கும். ஐரோப்பியத் தொழிற்சாலைகள் அதை வாங்கித் தங்கள் கணக்கில் ஈடு கட்டலாம். 2008-ல் ஒரு சான்றிதழ் 20 யூரோவுக்கும் மேலே போச்சு. அப்போ எழுதின திட்ட அறிக்கைகளில் இந்த வருமானம் ஜம்முன்னு ஒரு வரியா உட்கார்ந்திருக்கும். அப்புறம் ஐரோப்பாவில் பொருளாதார மந்தம். கூடவே, 2012-க்கு மேல் பதிவாகிற புதுத் திட்டங்களில் மிகவும் பின்தங்கிய நாடுகளில் இருந்து வர்றதை மட்டும்தான் ஏத்துப்போம்னு ஒன்றியம் விதி போட்டது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. 2012 கடைசியில் விலை ஒரு யூரோவுக்கும் கீழே. சிவகங்கைச் சீமையில் விறகு எரிக்கிறவரோட லாப நஷ்டக் கணக்கில் ஒரு வரியை பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்து அழிச்சாங்க. அவர் எந்தத் தப்பும் பண்ணல.

சந்தையில் இது எப்படித் தெரிஞ்சதுன்னு பார்க்கணும்னா ஓரியண்ட் கிரீன் பவரைப் பாருங்க. சென்னைக் கம்பெனி, காற்றாலையும் பயோமாஸும் ரெண்டும் வச்சிருந்தது. 2010 செப்டம்பரில் 47 ரூபாய் விலையில் 900 கோடி ரூபாய் ஐபிஓ. 'பசுமை'ங்கிற வார்த்தைக்கு அப்பவே நல்ல மவுசு. அப்புறம் பங்கு பல வருஷம் ஒற்றை இலக்கத்தில் கிடந்தது. பயோமாஸ் பிரிவைக் கம்பெனி தனியாப் பிரிச்சு விட்டுட்டுக் காற்றாலையோட நின்னுக்கிட்டது. அதே 47 ரூபாயை 8 சதவீத எஃப்டியில் போட்டிருந்தா, வரியை விட்டுட்டுப் பார்த்தா, பத்து வருஷத்தில் 101 ரூபாய். கம்பெனி மோசடி பண்ணிச்சுன்னு நான் சொல்லல. காற்றாலைக்கும் அப்போ கெட்ட நேரம்தான். விலை தன் கையில் இல்லாத தொழில் அப்படித்தான் நடந்துக்கும்.

இப்போ இந்தியாவில் புது அலை. அனல் மின் நிலையங்கள் நிலக்கரியோட 5 சதவீதம் பயோமாஸ் கலக்கணும்னு 2024-25-க்கும், 7 சதவீதம்னு 2025-26-க்கும் மத்திய மின் அமைச்சகம் நிர்ணயிச்சது. நல்ல திட்டம், வைக்கோலை வயலிலேயே கொளுத்தறதை விட ஆயிரம் மடங்கு மேல். ஆனா ஒரு விஷயத்தை மறந்துடாதீங்க. 2021-ல் போட்ட முதல் உத்தரவுப்படி 5 சதவீதம் 2022 அக்டோபரிலேயே தொடங்கியிருக்கணும். பெல்லட் போதுமான அளவு கிடைக்கல, தேதி தள்ளிப் போச்சு. முதல் தேதியை நம்பிக் கடன் வாங்கி ஆலை போட்டவருக்கு வங்கி வட்டி தள்ளிப் போகாது.

சரி, அந்த ஐபிஓ விண்ணப்பத்தைத் திறக்கிறதுக்கு முன்னாடி என்ன பார்க்கிறது? பெரிய கம்பெனி விளக்க அறிக்கை 400 பக்கம் இருக்கும், யாரும் படிக்க மாட்டோம். நான் முதல்ல போறது வர வேண்டிய பாக்கிக்கு. விற்பனை 100 கோடி, பாக்கி 45 கோடின்னா ஏறக்குறைய அஞ்சரை மாச விற்பனைப் பணம் இன்னும் வெளியேதான் நிக்குது. அடுத்து, முதல் மூணு வாடிக்கையாளர் எத்தனை சதவீதம். மூணு பேரும் அரசு மின் நிலையம்னா, அந்தக் கம்பெனிக்கு விலை பேசற சக்தி இல்லை. அப்புறம் மூலப்பொருள் செலவு மூணு வருஷமா எப்படிப் போயிருக்கு, விற்பனை விலை அதோட சேர்ந்து ஏறியிருக்கா. கடைசியா பணப் பாய்ச்சல் அறிக்கை. லாப நஷ்டக் கணக்கில் லாபம், செயல்பாட்டுப் பணம் மைனஸ், இது ரெண்டு வருஷம் தொடர்ந்து இருந்தா நான் மூடி வச்சிடுவேன். ஆபத்துக் காரணிகள்னு ஒரு அத்தியாயம் இருக்குமே, அதில் 'அரசுக் கொள்கை மாறினால்'ங்கிற வரி எத்தனாவது இடத்தில் இருக்குன்னும் பாருங்க. வக்கீல்கள் சும்மா முதல் பக்கத்தில் போட மாட்டாங்க.

இஎஸ்ஜி ஃபண்ட் வழியாப் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் 2021 மார்ச்சில் இருந்து ஃபண்டுகளை ஆர்ட்டிகிள் 8, ஆர்ட்டிகிள் 9-ன்னு பிரிக்கிற விதி இருக்கு. அது என்ன வெளியிடணும்ங்கிற விதி. விக்கிறவங்க அதைத் தர முத்திரை மாதிரி வித்தாங்க. 2022 கடைசியில் விதி தெளிவானதும் நிறைய ஃபண்டுகள் 9-ல் இருந்து 8-க்கு இறங்கிச்சு. இங்கே செபி 2023 ஜூலையில், இஎஸ்ஜின்னு பேர் வச்ச திட்டம் குறைஞ்சது 80 சதவீதத்தைத் தான் சொன்ன உத்தியிலேயே போடணும்னு சொல்லியிருக்கு. நல்ல விதிதான். ஆனா எது பசுமைன்னு அந்த ஃபண்ட் ஹவுஸ் எழுதி வச்சிருக்கிற வரையறையை நீங்க படிச்சே ஆகணும். விறகு மின்சாரம் அதில் எந்தப் பக்கம் இருக்குன்னு தேடிப் பாருங்க. பாதி ஃபண்டில் அந்த வார்த்தையே இருக்காதுங்கிறது என் ஊகம்.

"அப்போ பூமிக்கு நல்லது செய்ய நினைக்கிறது தப்பா?"ன்னு அந்தத் தம்பி கேட்பார். தப்பே இல்லை தம்பி. அதுக்கான பணத்தையும் ஓய்வுக் காலத்துக்கான பணத்தையும் ஒரே பங்கில் தேடாதீங்கன்னுதான் சொல்றேன். முக்கிய எஸ்ஐபி சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டில் ஓடட்டும். பசுமைன்னு ஆசை இருந்தா மொத்த முதலீட்டில் 5 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி முழுசா இருந்தாத்தான். ரிஸ்க் வேண்டாம்னா மத்திய அரசே 2023 ஜனவரியில் இருந்து பசுமைப் பத்திரம் வெளியிடுது. வட்டி சாதாரண அரசுப் பத்திரம் அளவுதான், ஆனா விறகு விலை ஏறினாலும் அந்த வட்டி உங்க கைக்கு வரும். வங்கிகளில் பசுமை டெபாசிட்னு ஒண்ணு இருக்கு, ரிசர்வ் வங்கி அதுக்கு 2023 ஜூனில் இருந்து விதிமுறை வச்சிருக்கு. அதில் உங்க பணம் நிஜமா எங்கே போகுது, சாதாரண எஃப்டியை விட வட்டி குறைவா வாங்கிக்கிறது சரியான்னு அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.

ஐபிஓ பற்றிக் கேட்டவங்க, கம்பெனியோட விளக்க அறிக்கையில் வர வேண்டிய பாக்கி இருக்கிற பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கமெண்ட்டில் போடுங்க. சேர்ந்து உட்கார்ந்து நாள் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.